எந்த நாட்டுப் படம்?

ஒரு சர்வதேசத் திரைப்பட விழாவின் போட்டிப் பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் நேரே ஐந்தாறு விபரங்கள் இருக்கும்: தலைப்பு, நெறியாளர், ஆண்டு, மொழி, ஓடும் நேரம், நாடு. பெரும்பாலானோர் முதல் இரண்டோடு நின்றுவிடுவார்கள். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாட்டின் பெயரைத்தான் இங்கே பேச எடுத்துக்கொள்கிறேன். ஈழத்துத் தமிழரின் சினிமா உலக அரங்கில் எங்கே நிற்கிறது, அதில் மட்டக்களப்பு வாவிக்கரை எங்கே என்று தேடுபவருக்கு அதைவிட நல்ல தடயம் வேறில்லை.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. கான் விழாவில் 1972 வரை பெரும்பாலான போட்டிப் படங்களைத் தெரிந்து அனுப்பியவை அந்தந்த நாடுகளே. வீரர்களை அரசுகள் அனுப்புவதுபோல் படங்களும் கொடிகளின் கீழ் போயின. 1957இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ கான் போட்டிப் பிரிவில் இடம்பிடித்தபோது அதன் எதிரே சிலோன் என்று எழுதப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1965 ஜனவரியில், புதுடில்லியில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் அவருடைய ‘கம்பெரலிய’ தங்க மயில் விருதைப் பெற்றது. இந்திய விழா முதன்முதலாகப் போட்டியோடு நடந்த ஆண்டு அது. நடுவர் குழாமுக்குத் தலைவர் சத்யஜித் ராய். இரண்டும் பெருமைக்குரிய படங்கள். ஆனாலும் ‘ரேகாவ’ திரைக்கு வந்த அதே 1956இல்தான் தனிச் சிங்களச் சட்டமும் நிறைவேறியது. இந்தத் தீவின் சினிமா என்று உலகம் முதலில் கண்டது சிங்களக் கிராமத்தின் சினிமாவை. பீரிஸ்மேல் இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. அவர் தனக்குத் தெரிந்த மண்ணை அசலாகப் படம்பிடித்தார். அந்த மண்ணையே முழு நாடாக வாசித்துவிடும் வசதியைப் பட்டியலின் கடைசிக் கட்டம் கொடுத்தது.

‘ரேகாவ’ வந்தபோது இலங்கையில் ஒரு தமிழ்ப் படம்கூட எடுக்கப்பட்டிருக்கவில்லை. முதல் படமான ‘சமுதாயம்’ 1962இல் வந்தது, 16 மில்லிமீற்றர் சுருளில். அதை நெறியாண்ட ஹென்றி சந்திரவன்ஸ ஒரு சிங்களவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படமாளிகைகளில் ஓடியதெல்லாம் சென்னையிலிருந்து வந்த படங்கள். அவற்றோடு மோதி இங்கே ஒரு தயாரிப்பாளர் பிழைப்பது நடக்கிற காரியமாக இருக்கவில்லை.

1972இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைதான், ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கான் விழா, படங்களை இனி நாங்களே தெரிவுசெய்வோம் என்றது. இலங்கையில் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வேலையைத் தொடங்கியது. இறக்குமதி அதன் கைக்குள் போனதும் இந்தியப் படங்களின் வரவு கட்டுப்பட, உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வி. எஸ். துரைராஜாவின் ‘குத்துவிளக்கு’ அந்த ஆண்டே வெளியானது. பின்னால் தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’ (1977), செங்கை ஆழியானின் நாவலிலிருந்து வந்த ‘வாடைக்காற்று’ (1978) என்று ஒரு சிறு அலை எழுந்தது. 1983 ஜூலையில் வத்தளை ஹெந்தளையிலிருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது பல படங்களின் மூலப்பிரதிகளும் சேர்ந்து எரிந்தன. அதன் பிறகு தமிழ்ப் படம் எடுப்பது சூதாட்டத்திலும் மோசமான தொழிலாகிப் போனது. கலைஞர்களை நாடுகள் அனுப்பத் தேவையில்லை என்று உலக விழாக்கள் கதவைத் திறந்த காலத்தில், அந்தக் கதவு வரை நடந்துபோவதற்கான பாதை இங்கே அறுந்துபோய்க் கிடந்தது.

ஆகவே போனவர்கள் வேறு பாதைகளால் போனார்கள். முதல் ஆள் எங்கள் அமிர்தகழிக்காரர். பாலு மகேந்திரா 1939 மே 20 அன்று மாமாங்கேஸ்வரர் கோவில் இருக்கும் அந்த ஊரில் பிறந்தார். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்தார். பாடசாலைச் சுற்றுலா ஒன்றில், ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ படப்பிடிப்பில் டேவிட் லீன் வேலைசெய்வதைப் பார்த்ததுதான் தன்னைச் சினிமாவுக்கு இழுத்தது என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்று 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியேறினார். முதலில் நெறியாண்ட ‘கோகிலா’ (1977) கன்னடப் படம். ‘மூன்றாம் பிறை’, ‘வீடு’, ‘சந்தியா ராகம்’, கடைசியில் ‘தலைமுறைகள்’ என இந்திய தேசிய விருதுகள் அவரைத் தேடி வந்தன. அத்தனையும் இந்தியாவின் கணக்கில். அது நியாயமானதும்கூட; பணமும் நடிகர்களும் ஆய்வுகூடமும் பார்வையாளரும் அங்கேதான் இருந்தார்கள். மட்டக்களப்பில் அவரைப் பற்றிப் பேசும்போது ‘எங்கட ஆள்’ என்ற பெருமிதம் எழும். அந்தப் பெருமிதம் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி உண்டு. அவர் அமிர்தகழியிலேயே இருந்திருந்தால் என்ன படம் எடுத்திருப்பார்? விடை கசப்பானது: ஒன்றும் எடுத்திருக்க மாட்டார்.

அடுத்த தலைமுறையின் கணக்கு இன்னும் வினோதமானது. 2013இல் ஷங்காய் விழாவின் போட்டிப் பிரிவில் லெனின் எம். சிவத்தின் ‘எ கன் அண்ட் எ ரிங்’ இருந்தது. ரொறன்ரோவில் வாழும் ஈழத்தமிழரின் கதை, நாடு கனடா. 2015இல் கானின் தங்கப் பனையை வென்ற ‘தீபன்’ படத்தில் உரையாடலின் பெரும்பகுதி தமிழ். நாயகன் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. நெறியாளர் ஜாக் ஓடியார், நாடு பிரான்ஸ். தமிழ் பேசும் ஒரு படம் உலகின் மிகப் பெரிய விருதை வாங்கிவிட்டது, அதைத் தமிழ்ப் படம் என்று யாரும் பட்டியலிடவில்லை. மறுபுறம் அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ (2012), விசாகேச சந்திரசேகரத்தின் ‘முன்னெல்’ (2023) இரண்டும் தமிழில் எடுக்கப்பட்டு இலங்கை என்ற பெயரோடு போனவை. இரண்டையும் ஆக்கியவர்கள் சிங்களவர்கள். ‘இனி அவன்’ கானின் துணைப் பிரிவான அசிட்டில் காட்டப்பட்டது. ‘முன்னெல்’ ரொட்டர்டாம் விழாவின் புலிப் போட்டியில் நடுவர் குழாமின் சிறப்பு விருதைப் பெற்றது. போருக்குப் பின் ஊர் திரும்பும் முன்னாள் போராளிதான் இரண்டிலும் நாயகன்.

தமிழன் எடுத்தால் அது வேறு நாட்டுப் படம்; இலங்கைப் படமாக வரும் தமிழ்ப் படத்தைச் சிங்களவர் எடுத்திருப்பார். இதை விதி என்று சொன்னால் மிகையாகும். ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ (2017) போன்ற விலக்குகள் இருக்கின்றன, அதற்கு வருகிறேன். ஆனால் போக்கு தெளிவு. இன்னொன்றும் தெளிவு: மேலே சொன்ன படங்கள் தொடும் ஈழத்து நிலம் வடக்கு. வாவியின் இரு கரைகளும், எழுவான்கரையும் படுவான்கரையும், இந்தப் பட்டியலுக்குள் வரவில்லை.

இந்த இடத்தில் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவைப் பற்றிப் பேச வேண்டும். அஜண்டா 14 என்ற அமைப்பின் ஏற்பாட்டில், அனோமா ராஜகருணாவின் நெறிப்படுத்தலில் 2015 செப்டம்பரில் தொடங்கியது. அவர் ஒளிப்படக் கலைஞர், ஆவணப்பட நெறியாளர், பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர். கொழும்பைவிட்டு, அதுவும் போரில் நொந்த ஒரு நகரத்தில் சர்வதேச விழாவா என்று அன்று பலர் ஐயப்பட்டார்கள். விழா வேரூன்றிவிட்டது. அவர்கள் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது போட்டிப் பிரிவைப் பற்றியது: முழுநீளப் படப் போட்டியை அறிமுக நெறியாளர்களுக்கு, அதாவது முதல் படக்காரருக்கு, ஒதுக்கினார்கள். கூடவே குறுந்திரைப்படப் போட்டிகளும் வைத்தார்கள்.

இது ஏன் புத்திசாலித்தனமான முடிவு என்று விளங்க, போட்டிப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும். பெரிய விழாக்கள் முதற்காட்சி உரிமையைக் கேட்கும். உலகில் எங்கும் காட்டப்படாத, குறைந்தபட்சம் சொந்த நாட்டுக்கு வெளியே காட்டப்படாத படம் வேண்டும் என்பார்கள். பெயர் பெற்ற நெறியாளர் தன் புதுப் படத்தைக் கானுக்கோ வெனிஸுக்கோ பேர்லினுக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். அங்கே தவறினால் லொகார்னோ, சான் செபஸ்தியான் என்று இறங்கி வருவார். இந்த ஏணியில் யாழ்ப்பாணம் போன்ற சிறு விழாவுக்குப் படி கிடையாது. பெரியவர்களின் படங்களைக் கேட்டால் இரண்டு வருடம் பழையதாகத்தான் கிடைக்கும். அவற்றைப் போட்டிக்கு வைப்பதில் அர்த்தமில்லை. முதல் படக்காரருக்கோ ஒவ்வொரு அழைப்பும் பெறுமதியானது. அவர் வருவார், பார்வையாளரோடு நின்று பேசுவார். சிறிய விழா பெரிய விழாவைப் பார்த்து நடிக்காமல், தனக்கு எட்டும் இடத்தில் தன் வேலியைப் போட்டுக்கொண்டது.

கேரள சர்வதேசத் திரைப்பட விழாவும் இதைத்தான் வேறு விதமாகச் செய்தது. 1996இல் தொடங்கிய அந்த விழா, போட்டியை ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. வழமையாக 14 படங்கள். அவற்றில் இரண்டு மலையாளம், இரண்டு ஏனைய இந்திய மொழிகள். இப்படி எல்லை வகுத்ததால் ஐரோப்பாவுக்குப் போட்டியாக நிற்க வேண்டிய சுமை இல்லாமல் போனது. உள்ளூர் மலையாளப் படம் ஈரானியப் படத்தோடும் ஆர்ஜென்டினப் படத்தோடும் ஒரே மேசையில் அமர்ந்தது. திருவனந்தபுரத்தில் இருக்கை கிடைக்காமல் படியில் உட்கார்ந்து படம் பார்க்கும் கூட்டம் அந்தப் பட்டியலின் விளைச்சல். சென்னை விழா 2003 முதல் நடக்கிறது, உழைப்புக்குக் குறைவில்லை. ஆனாலும் கேரளத்துக்கு இருக்கும் தெளிவான முகம் அதற்கு வாய்க்கவில்லை. என்ன காட்ட மாட்டோம் என்று சொல்லத் தெரிந்த விழாவுக்குத்தான் முகம் அமைகிறது.

யாழ்ப்பாண விழாவுக்குச் சோதனை வந்தது 2018இல். ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ அந்த ஆண்டு நிகழ்ச்சியில் இருந்தது. முந்திய ஆண்டு கானில் சிறப்புத் திரையிடலாகக் காட்டப்பட்ட ஆவணப்படம். இலங்கைக்குள் வாழும் ஒரு தமிழர், பல வருடம் செலவழித்து, 1983இன் வன்முறையோடு நிறுத்தாமல் தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்ற கதையையும் பேசிய படம். சமூகத்தின் ஒரு சாராரிடமிருந்து எதிர்ப்பு வந்தது. விழா அதன் திரையிடலைக் கைவிட்டது. இதை வெறும் கோழைத்தனம் என்று வெளியிலிருந்து எழுதிவிட்டுப் போவது சுலபம். மண்டபம், மாணவர், அடுத்த வருடம் என்று ஆயிரம் கவலைகள் ஏற்பாட்டாளருக்கு இருக்கும். அதே சமயம், அரசின் தணிக்கையைச் சரியாகவே கண்டிக்கும் நாம், சமூகத்தின் தணிக்கைக்கு முன்னால் மட்டும் மென்மையாகிவிடுகிறோம் என்ற உண்மையையும் சொல்லியாக வேண்டும். அந்தப் படத்தோடு எனக்கும் முரண்பாடுகள் உண்டு. முரண்படுவதற்காவது அதைப் பார்க்க விட்டிருக்க வேண்டும்.

கிழக்கிலிருந்து பார்க்கும்போது இந்தச் சம்பவம் இன்னும் பாரமாகத் தெரிகிறது. வாவியைச் சுற்றி ஒரு விழா எழுமானால் அது ஒரு படத்தை அல்ல, ஒரு தொகுதிப் படங்களை இப்படி எதிர்கொள்ள வேண்டியிருக்கும். 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணைப் படுகொலை. 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஐந்து வாரம் கழித்து, செப்டம்பர் 9 அன்று, சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் அழிக்கப்பட்டன, குற்றச்சாட்டு இராணுவத்தின்மேல். 2004 மார்ச்சில் இயக்கம் இரண்டாகப் பிளந்தது. ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் ஒரே ஊர்ப் பிள்ளைகள் எதிரெதிரே நின்றார்கள். அந்த டிசம்பரில் கடல் வந்தது. 2019இல் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பு. ஒருவர் துயரத்தைச் சொல்லும் படம் அடுத்த ஊரில் குற்றச்சாட்டாகக் கேட்கும் நிலம் இது. கல்லடியில் ஓடும் படத்தைக் காத்தான்குடியிலிருந்து வந்து பார்ப்பார்கள். இடையே தூரம் சில கிலோமீற்றர்தான்.

அதனால் விழாவே வேண்டாம் என்பது முடிவாகாது. போட்டிப் பட்டியலுக்கு இங்கே வேறெங்கும் இல்லாத ஒரு பயன் இருக்கிறது. தனியாகக் காட்டப்படும் படம் ஒரு தரப்பின் அறிக்கைபோல் தோன்றும். பத்துப் படங்களின் வரிசையில் அதுவே ஒரு நெறியாளரின் பார்வையாகிறது. அதன் வெட்டும் ஒலியும் நடிப்பும் மற்றவற்றோடு ஒப்பிடப்படுகின்றன. நடுவர்கள் எந்தத் தரப்பு சரி என்று தீர்ப்பளிப்பதில்லை, எந்தப் படம் படமாகியிருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். காத்தான்குடிப் படமும் சத்துருக்கொண்டான் படமும் பொஸ்னியாவிலிருந்து வந்த படமும் ஒரே போட்டியில் இருந்தால் பேச்சு கொஞ்சமாவது வேறு திசையில் போகும். போகாமலும் விடலாம். ஆனால் இதைத் தவிர வேறு வழிகளை நாம் முயன்று பார்த்தாகிவிட்டது.

போட்டி என்ற அமைப்பு கலையையே மாற்றிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. மட்டக்களப்பாருக்கு இது புத்தகத்தில் படித்த விடயம் அல்ல, கூத்தில் பார்த்தது. களரியில் விடிய விடிய ஆடப்பட்ட வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். சுற்றிநின்று பார்த்தது ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பதாக மாறியது. இரவு முழுவதும் ஓடியது ஓரிரு மணித்தியாலமாகச் சுருங்கியது. ‘இராவணேசன்’ போன்ற அருமையான ஆக்கங்கள் அப்படித்தான் பிறந்தன. அதில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் கூத்தாய்வின் பெரிய பெயரானார். கூத்துக்குப் படித்தவர் மத்தியில் மதிப்புக் கிடைத்தது உண்மை. அதேவேளை, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் கையிலிருந்த தீர்மானம் நகரத்து நெறியாளரின் கைக்குப் போனது. இதற்கு மறுப்பாகத்தான் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கத்தைக் களரியிலேயே, ஊராரோடு சேர்ந்து செய்தார்கள். இரண்டு வழிக்கும் ஆதரவாளர் உண்டு, சண்டை இன்னும் ஓயவில்லை.

சினிமாவிலும் ‘விழாப் படம்’ என்றொரு சாதி உருவாகிவிட்டது. நீண்ட அசையாத காட்சி, குறைந்த பேச்சு, துயரம் தோய்ந்த நிலக்காட்சி, வெளிநாட்டு நடுவருக்கு விளங்கும் அளவுக்கு மட்டும் அரசியல். பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ரொட்டர்டாமின் புலி விருதை வென்றதும், வெயிலில் நடந்து போகும் ஆட்களைப் படம்பிடித்தால் போதும் என்று எத்தனை பேர் நினைத்தார்கள்! அந்தப் படத்தில் வெயில் வேலை செய்கிறது. போலிகளில் வெயில் அடிக்கிறது, அவ்வளவுதான். வாவியில் இந்த ஆபத்து இருமடங்கு. அதிகாலை, தோணி, வலை வீசும் உருவம், பின்னால் கல்லடிப் பாலம். கமெராவை எங்கே வைத்தாலும் அழகாக வந்துவிடும் இடத்தில் சோம்பேறித்தனமும் கலை மாதிரித் தோன்றும். இங்கே நடுவராக இருப்பவர் முதலில் அழகில் மயங்காதவராக இருக்க வேண்டும்.

இளைஞர்கள் குறும்படம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுடைய சுவரொட்டிகளில் இப்போது இலை வளையங்கள் நிறைந்திருக்கின்றன: பத்து, பதினைந்து சர்வதேச விழாக்களில் தெரிவு என்று. அவற்றில் பல, மாதாமாதம் இணையத்தில் நடக்கும் விழாக்கள். கட்டணம் வாங்குவார்கள், சான்றிதழ் அனுப்புவார்கள். மண்டபமும் கிடையாது, பார்வையாளரும் கிடையாது. ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளை டொலரில் கட்டணம் கட்டி அந்த இலைகளை வாங்குவதைப் பார்க்கக் கோபம் வருகிறது. கோபம் பிள்ளைமேல் அல்ல. தன் படத்தை முன்பின் தெரியாத இருநூறு பேரோடு இருட்டில் உட்கார்ந்து பார்க்கவும், எந்த இடத்தில் அவர்கள் நெளிகிறார்கள் என்று அறியவும், பத்து மைல் தூரத்தில் ஓர் இடத்தை நாம் அவனுக்கு அமைத்துக் கொடுக்கவில்லை.

முன்மாதிரிக்கு நான் கானைப் பார்க்க மாட்டேன்; யமகத்தாவைப் பார்ப்பேன். வட ஜப்பானில் இரண்டரை இலட்சம் பேர் வாழும் நகரம். 1989இல், நகரசபையின் நூற்றாண்டை ஒட்டி, ஆவணப்படங்களுக்கென்று ஒரு சர்வதேச விழாவைத் தொடங்கினார்கள். ஆசியாவில் அப்படியொன்று அதற்கு முன் இல்லை. அதற்கு வித்திட்டவர் ஒகாவா ஷின்சுகே. தன் குழுவோடு அருகிலுள்ள மகினோ கிராமத்தில் பத்தாண்டுக்கு மேல் குடியிருந்து, நெல் விதைத்து, அறுவடை செய்து, அந்த வயலையும் அதன் ஊராரையும் படமாக்கியவர். யமகத்தாவின் சர்வதேசப் போட்டிக்கு வருவது 15 படங்கள்தான். ஆசிய இளம் படைப்பாளருக்கு ‘புதிய ஆசிய அலைகள்’ என்று தனிப் பிரிவு வைத்தார்கள். ஆண்டுதோறும் நடத்தவில்லை, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. சிறு நகரத்தின் பணத்துக்கும் தொண்டரின் உடம்புக்கும் அதுதான் தாங்கும் என்று அறிந்திருந்தார்கள். வந்த படங்களைச் சேர்த்து ஒரு நூலகமும் அமைத்தார்கள்.

அந்த நூலகம் நமக்கு விழாவைவிட முக்கியம். தன் ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ படங்களின் மூலப்பிரதிகள் அழிந்துபோனதைப் பாலு மகேந்திரா கடைசிக் காலத்தில் புலம்பிக்கொண்டே இருந்தார். ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு 2014 பெப்ரவரியில் போய்ச்சேர்ந்தார். தேசிய விருது பெற்ற இந்தியப் படங்களுக்கே அந்தக் கதி. ஹெந்தளையில் எரிந்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போட்டிக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் ஒரு பிரதியைக் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி எழுதினால், தெரிவாகாத படங்களும் காலத்தில் நிற்கும். இருபது வருடம் கழித்து ஆய்வாளர் தேடிப்போவது பரிசு வாங்கிய படத்தைவிடத் தோற்ற படங்களை என்பது என் ஊகம்.

இனி நடைமுறைக்கு வருவோம். யார் விண்ணப்பிக்கலாம்? இலங்கையர் என்று கடவுச்சீட்டைக் கேட்டால், பாரிஸிலும் ஸ்காபரோவிலும் பிறந்த பிள்ளைகள் வெளியே போவார்கள். தமிழ் என்று மொழியைக் கேட்டால், பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோலில் யாராவது எடுக்கும் படமும், பொலன்னறுவையிலிருந்து வரும் சிங்களப் படமும் வெளியே போகும். முதல் அல்லது இரண்டாம் படம், இலங்கையின் கிழக்கிலோ அதை நினைத்தோ எடுக்கப்பட்டது, எந்த மொழியும், எங்கே வாழ்பவரும் என்பது உள்ளூர்ப் பிரிவுக்கு நல்ல விதி. அதற்கு அருகில் தென்னாசிய, தென்கிழக்காசிய அறிமுகப் படங்களுக்கு ஒரு சிறிய சர்வதேசப் பிரிவு, எட்டுப் பத்துப் படம். உபதலைப்பில் கஞ்சத்தனம் கூடாது. உலகமெங்கும் ஆங்கில உபதலைப்போடு படம் சுற்றுகிறது. படுவான்கரையிலிருந்து வரும் ஒரு தாய்க்கு அதனால் பயனில்லை. தமிழிலும் சிங்களத்திலும் உபதலைப்பு எழுதுவது விழாவின் செலவுக் கணக்கில் மண்டப வாடகைக்கு மேலே நிற்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகமும் கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் மாணவர்களை அந்த வேலைக்குப் பழக்கலாம். ஒரு படத்துக்கு வரி வரியாக உபதலைப்பு எழுதிய மாணவர், பத்து விரிவுரையில் கற்காததைக் கற்றிருப்பார்.

நாள் குறிப்பதுதான் மிஞ்சுகிறது, அது சின்னக் காரியமல்ல. கார்த்திகை முதல் தை வரை மழையும் வெள்ளமும். படுவான்கரைப் பாதைகள் பலதும் தண்ணீருக்குள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம், அந்தக் கூட்டத்தோடு எந்தப் படமும் போட்டிபோட முடியாது. நோன்பு மாதம் ஆண்டுக்காண்டு முன்னால் நகர்ந்துகொண்டே வரும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்போக வெள்ளாண்மை வெட்டி முடிந்து, கையில் கொஞ்சம் காசும் இரவில் நேரமும் இருக்கும் பங்குனிப் பகுதிதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. அறுவடை முடிந்த கையோடு கூத்துப் பழக்கவும் ஊர்களில் ஆள் கூடும். விழாக்காரர் முதலில் போய்ப் பேச வேண்டியது அண்ணாவிமாரோடு, இரண்டும் ஒரே இரவில் விழுந்துவிடாமல்.